ஆறிலிருந்து ஏழு வரை

எங்கள் சமையலறைக் காலண்டரில் ஏப்ரல் பன்னிரண்டைச் சுற்றி என் மகள் போரி சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். தினமும் காலை ஏழு அடித்ததும் அன்றைய தேதியின் மேல் ஒரு கோடு இழுப்பாள். அதற்குப் பிறகுதான் காபி. எனக்குச் சிவப்புப் பேனா என்றாலே ஆகாது. தபால் நிலையக் கவுண்ட்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். சிவப்பில் எழுதி வந்தது எதுவும் நல்ல சேதியாக இருந்ததில்லை.

ஊருக்கும் உலகத்துக்கும் அவள் சலான்சி பொரோக்கா, இருநூறு மீட்டர் கனோ படகுப் பந்தயத்தில் உலக சாம்பியன். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் சொன்ன முகவரியில் இருந்தே ஆக வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள், சிறுநீர் வாங்கிக்கொண்டு போவார்கள். வந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் ஒரு தவறல். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறினால் மருந்து தின்றவளோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். இரண்டு வருடம் படகைத் தொட முடியாது. அந்த ஜூலையில் ஒலிம்பிக்.

போரி கொடுத்திருந்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. ஏற்கெனவே இரண்டு தவறல் விழுந்திருந்தது. முதல் தவறல் போன வருடம் ஏப்ரல் பன்னிரண்டில். அந்தத் தேதி திரும்ப வந்துவிட்டால் அது கணக்கிலிருந்து கழன்றுவிடும், அவள் மூச்சு விடலாம். தலைவலி மாத்திரையைக்கூட மூன்று தடவை லேபிள் படித்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிடுகிற பெண் அவள். அவளுக்குத்தான் இந்தப் பயம்.

ஒன்பது வயதில் நான்தான் அவளைப் படகு கிளப்புக்குக் கூட்டிப்போனேன். "பொண்ணுங்கன்னா கயாக்தாம்மா, உக்காந்து ஓட்டலாம். கனோ முட்டி போட்டு ஓட்டறது. அது பசங்களுக்கு" என்றார் கோச் லோரின்ஸ். போரி அவரை நிமிர்ந்து பார்த்து, "என் முட்டிக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டாள். அந்த வாய் என்னிடமிருந்து வந்தது. அந்தக் கோடையில் டிசா ஆற்றில் அவள் எத்தனை தடவை விழுந்தாள் என்று எண்ணவே முடியாது. ஒரு முட்டி படகில், ஒரு கால் முன்னால், ஒரே பக்கம் துடுப்பு. தும்மினால் கவிழும். பதினான்கு வருடம் அப்படியே முட்டி போட்டாள். அவள் வலது முட்டித் தோல் என் குதிகாலைவிடத் தடிப்பு. பந்தயம் என்னவோ நாற்பத்தாறு விநாடி. நான் ஒரு பதிவுத் தபாலை வாங்கி ரசீது கிழிப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் தவறலுக்கு முந்தின ஆகஸ்டில் அவள் ஒரு கையகல வித்தியாசத்தில் உலகத்தை ஜெயித்தாள். சதுக்கத்தில் பன்னிரண்டு அண்டாவில் மீன் சூப் கொதித்தது. பேக்கரியில் பாப்பி விதை ரொட்டிக்கு அவள் பெயரை வைத்தார்கள். எங்கள் நாலு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க அவள் படத்தைத் தார்ப்பாயில் அச்சடித்து மாட்டினார்கள். எங்களுடையது மூன்றாம் மாடி, ஓரத்து வீடு. பால்கனியில் துணி காயப்போட்டால் என் தோளுக்குப் பக்கத்தில் கதவளவுக்கு ஒரு காது. காற்றடித்தால் தார்ப்பாய் படபடவென்று சுவரில் அறையும். அந்தக் காது எங்கள் வீட்டை ஒட்டுக்கேட்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். பிடிக்கவே இல்லை. ஆனால் கீழே யாராவது படமெடுத்தால் அவசரமாகத் தலையைச் சீவிக்கொண்டு பால்கனிக்கு ஓடினவளும் நான்தான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுண்ட்டரில் வரிசையில் நிற்கிறவர்கள் "வில்மா அத்தை, பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்பதற்காகவே முத்திரையை மெதுவாகக் குத்துவேன்.

அடுத்து வந்த ஈஸ்டரில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஈஸ்டர் திங்கள் என்றால் ஆண்களுக்குக் கொண்டாட்டம். வீடு வீடாக வந்து நாலு வரி பாட்டுச் சொல்லி, பெண்கள் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். தெளிக்காவிட்டால் பெண்கள் வாடிப்போவோமாம். நாங்கள் சாயம் போட்ட முட்டையும் ஒரு வாய் பாலிங்கா சாராயமும் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பாதி ஊர் தள்ளாடும். உலக சாம்பியன் தலையில் தண்ணீர் தெளிப்பது என்றால் சும்மாவா? பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

முதலில் வந்தவன் பார்னா. போரியோடு அதே கிளப்பில் கனோ ஓட்டுகிறவன். இருபத்துநாலு வயது, குறும்பில் நாலு வயது. காலை ஆறே காலுக்கு இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். மூக்கால் பேசுகிற ஒரு அதிகாரிக் குரல்: "டோப்பிங் சோதனை. சலான்சி பொரோக்கா வீட்டில் இருக்கிறாரா? கதவைத் திறக்கவும்." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொத்தானை அமுக்கி, போரியை உலுக்கி எழுப்பினேன். அவள் இரவு உடையோடு வாசலுக்கு ஓடினாள். கதவைத் திறந்ததும் பார்னாவும் இன்னும் மூன்று தடியன்களும் ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தார்கள். "பரிசோதனைக்கு இது போதுமா, மேடம்?" என்று வேறு கேட்டான். போரி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி துரத்தினேன்.

அன்றைக்கு மட்டும் எண்பத்துமூன்று பேர். இன்டர்காம் வாயை மூடவில்லை. சாயங்காலம் போரிக்குக் காய்ச்சல். எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் காலை கீழே இறங்கிப்போய், வாசல் இன்டர்காம் மணிப் பலகையில் இருந்த எங்கள் பெயரைக் கிழித்துவிட்டு "கோவாச்" என்று எழுதி ஒட்டினேன். இந்த நாட்டில் கோவாச் என்று ஒரு பெயர் இல்லாத கட்டடம் கிடையாது. யார் தேடுவார்கள் பார்ப்போம் என்று இருந்தேன்.

அதற்கு மறுநாள் ஏப்ரல் பன்னிரண்டு. நிஜமான சோதனைக்காரர்கள் வந்தார்கள். போரி கொடுத்திருந்த படிவத்தில் மாடி, கதவு எண் எதுவும் இல்லை, பெயர்ப் பலகையைப் பார்த்து மணி அடிக்கவும் என்று மட்டும் இருந்தது. அவளுடைய நாலு மாடி உயர முகத்துக்குக் கீழே நின்று ஒரு மணி நேரம் பெயரைத் தேடினார்களாம். போரி உள்ளே என்னோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அது ஒன்று.

"விடும்மா, ஒண்ணுதானே. இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. அன்றைக்கே எங்கள் பெயரைத் திரும்ப ஒட்டினேன்.

இரண்டாவது இந்த ஜனவரியில். புடாபெஸ்டில் காலை நேர டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே கார் வந்து நின்றது. போரி ஷூவை மாட்டிக்கொண்டே, "அம்மா, ஃபோன்ல இன்னிக்கு முகவரியை மாத்தணும்" என்றாள். நான் அவள் கோட்டைப் பிடித்துத் தள்ளினேன். "கார்ல போகும்போது மாத்திக்கடி. முதல்ல ஏறு. நாடே பார்க்கப்போகுது, மூஞ்சியைப் பாரு, தூங்கி வழியுது." காரில் ஏறினதும் அவள் தூங்கிவிட்டாள்.

ஆறரைக்கு எங்கள் மணி அடித்தது. ஒரு வழுக்கைத் தலை ஆளும், சாம்பல் கோட்டு போட்ட ஒரு பெண்ணும். நான் மண்டுத்தனமாக அவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, சோபாவில் உட்காரவைத்து, டிவியைக் காட்டினேன். "இதோ பாருங்க, என் பொண்ணு!" சுடச்சுட சீஸ் பன் கொண்டுவந்து வைத்தேன். டிவியில் போரி, "என் ஊர்க்காரங்க என்னைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாம்பல் கோட்டுக்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதினாள். பன்னை யாரும் தொடவில்லை. அப்போதுதான் முகவரியை மாற்றாதது எனக்கு உறைத்தது.

போகும்போது அவள் நல்லவிதமாகத்தான் பேசினாள். "உங்க பொண்ணு இவ்வளவு பேர் வாங்கிட்டாங்க, கண்டவங்களும் கதவைத் தட்டுவாங்க. ஜாக்கிரதையா இருங்கம்மா. வீராங்கனைங்க வீட்டுக்கு நாங்க வந்தா கூட ஒரு பெண் கண்டிப்பா இருப்பாங்க. ஆம்பளை மட்டும் வந்து சோதனைன்னு சொன்னா நம்பாதீங்க."

அதை நான் மறக்கவே இல்லை. மறந்து தொலைத்திருக்கலாம்.

ஜனவரிக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இயல்பாக இல்லை. மணிப் பலகையில் எங்கள் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். போரி ஐந்தரைக்கே எழுந்து, இன்டர்காமுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஏழு அடிக்கிற வரை கழிவறைக்குக்கூடப் போக மாட்டாள். நடுவில் ஒரு தடவை சோதனைக்காரர்கள் வந்தார்கள், எல்லாம் சரியாக நடந்தது. ஆனாலும் அவளுக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. முட்டி வேறு வீங்க ஆரம்பித்தது. பேக்கரிக்காரி அவளைப் பார்த்து, "என்னடி இப்படி இளைச்சுட்டே? தங்கத்தோட வா, ரொட்டிக்கு விலை ஏத்தணும்" என்றாள். போரி சிரித்தாள். வீட்டுக்கு வந்து, "இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சா என்னம்மா சொல்வாங்க?" என்று கேட்டாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கோச்சுக்கும் எங்களுக்கும்தான் தெரியும்.

அந்த வருடம் ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் முதல் தேதியில் வந்து விழுந்தது. தண்ணீர் ஊற்றுகிற நாளும் முட்டாளாக்குகிற நாளும் ஒன்றாக. ஊரில் இளவட்டங்கள் ஒரு வாரம் முன்பிருந்தே கையைத் தேய்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஞாயிறன்று பன்றித்தொடையும் முள்ளங்கித் துருவலும் பின்னல் ரொட்டியும் மேசையில் இருந்தன. போரி ஒரு வாய்தான் வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. வரும் சனிக்கிழமை செகெட் நகரத்தில் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் பந்தயம்.

"நீ நாளைக்குத் தூங்கு" என்றேன். "ஆறு மணிக்கு நான் உக்காந்துக்கறேன்."

"வேண்டாம்மா."

"ஏன், எனக்கு மணிச் சத்தம் கேக்காதா? வந்தா எழுப்பறேன். வரலைன்னா எட்டு மணி வரைக்கும் தூங்கு. காதுல அடைப்பான் வெச்சுக்கோ, அந்தத் தடியனுங்க விடிஞ்சதும் கிளம்பிடுவானுங்க."

"சரி, உன்னைத்தான் நம்பி இருக்கேன்" என்றாள். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இரண்டு தவறலிலும் என் கை இருந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டினதில்லை. இந்த ஒரு மணி நேரத்தை நான் நன்றாகக் காவல் காத்துக் கொடுத்துவிட்டால் அதெல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன்.

காலை ஐந்தரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். முந்தின நாள்தான் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியிருந்தோம், அதனால் வெளியே இன்னும் விடியவில்லை. மேசையில் முட்டைக் கூடை, பாலிங்கா புட்டி, போரியின் ஃபோன். பால்கனியில் ஒரு வாளி. ஆமாம், நான்தான் நிரப்பி வைத்தேன். போன வருடத்துக்குப் பார்னாவுக்கு ஒரு பாக்கி இருந்தது. வந்து மூக்கால் பேசட்டும், கீழே வாசலில் நிற்கும்போதே மேலேயிருந்து கொடுக்கிறேன் என்று இருந்தேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய் சுவரில் அறைந்துகொண்டே இருந்தது.

ஆறு இருபதுக்கு மணி அடித்தது.

"வணக்கம். டோப்பிங் சோதனை. சலான்சி பொரோக்கா வீட்டில் இருக்கிறாரா?"

ஆண் குரல், இளசு, கொஞ்சம் மூக்கால்தான். போன வருடம் கேட்ட அதே சொற்கள். போரியை எழுப்பத் திரும்பினேன். அப்புறம் எனக்குப் புத்தி வேலை செய்தது. அதுதான் வினை.

"எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்ம்மா."

"பொம்பளை இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களைப் பேசச் சொல்லு."

"அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா, பேச முடியல. கதவைத் திறங்க, அடையாள அட்டையைக் காட்டறோம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "தொண்டை கட்டியிருக்கா? அடப்பாவி! போன வருஷம் ஏமாந்தேன், இந்த வருஷமுமா? ரெண்டு விநாடி இரு, தொண்டைக்கு மருந்து தர்றேன்."

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். இருட்டில், வாசல் விளக்குக்குக் கீழே இரண்டு தலை. ஒன்றில் தொப்பி. வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தேன். நேராகப் போய் விழுந்தது. கீழே "ஐயோ" என்று ஒரு கரகரத்த சத்தம் கேட்டது. பெண் சத்தம் மாதிரி இருந்தது. யாரோ தோழியைக் கூட்டிவந்திருக்கிறான், நனையட்டும் என்று நினைத்தேன். "ஏப்ரல் ஃபூல்!" என்று கத்திவிட்டு உள்ளே வந்தேன். பால்கனிக் கதவை மூடும்போது அந்தப் பெரிய காது அசைந்தது. அதைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தேன்.

மணி திரும்ப அடித்தது. விடாமல் அடித்தது. நான் எடுக்கவில்லை. போரி அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிடுவாளோ என்று பதறி, இன்டர்காம் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒரு நிமிடம்தான், இவனுங்க போனதும் மாட்டிவிடலாம் என்று இருந்தேன்.

மாட்டத்தான் எழுந்தேன். ஆனால் பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் போகவில்லை. கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு கார், அதற்குப் பக்கத்தில் நின்று ஒருத்தர் இன்னொருத்தர் தோளை எதனாலோ துடைத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. ஒருத்தர் மறுபடி வாசலுக்கு வந்து மற்ற வீட்டு மணிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஈஸ்டர் திங்கள் காலை ஆறரைக்கு எங்கள் கட்டடத்தில் எந்தப் பெண் கதவைத் திறப்பாள்? முதல் மாடிக் கிழவர் ஜன்னலைத் திறந்து, "சாம்பியன் தூங்கறா, போங்கடா குடிகாரப் பசங்களா!" என்று கத்தினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரே என் பெண்ணைக் காவல் காக்கிறது என்று தோன்றியது.

ஆனால் பார்னா இவ்வளவு நேரம் சிரிக்காமல் இருக்க மாட்டானே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நான் உட்காரவிடவில்லை. காபி போட்டேன்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு மேசையில் போரியின் ஃபோன் சத்தமில்லாமல் மின்னியது. பெயர் இல்லாத ஒரு எண். சாம்பியன் ஆனதிலிருந்து தெரியாத எண்கள் ஒலிக்காதபடிதான் வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் கூப்பிடுவார்கள். நான் அதைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த பிறகும் மேசையில் அதன் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கொஞ்ச நேரம் துடித்தது. நின்றது. ஏழு அடித்தது.

தட்டுகிற சத்தம் கேட்டது ஏழேகாலுக்கு. கீழே இல்லை, எங்கள் வீட்டுக் கதவிலேயே. திறந்தால் பார்னா. கோட்டு சூட்டு போட்டு, தலையைப் படிய வாரி, கையில் சின்ன லாவெண்டர் வாசனைத் தண்ணீர்ப் புட்டியோடு நின்றான். பொட்டுத் தண்ணீர்கூட அவன் மேல் இல்லை.

"நீ நனையலையா?" என்றேன்.

"நான் இப்பதான் வர்றேன் அத்தை. போன வருஷம் பண்ணினதுக்கு மன்னிப்புக் கேக்கலாம்னு ஒழுங்கா டிரஸ் பண்ணிட்டு வந்தேன். முதல் மாடித் தாத்தா திறந்துவிட்டார்." அவன் முகம் வெளுத்திருந்தது. "அத்தை, கீழே ஒரு கார் இப்பதான் கிளம்பிப் போச்சு. ஒரு அம்மா சாம்பல் கோட்டைப் பிழிஞ்சுட்டு இருந்தாங்க. அவங்களால பேசவே முடியல. கூட இருந்தவர் என்கிட்ட மணி கேட்டார். ஏழு அஞ்சுன்னேன். அதை எழுதிக்கிட்டார். அத்தை, அவர் கழுத்துல அட்டை தொங்குச்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய்க் காரைப் பிடிக்கலாமா என்று அவன் கேட்டான். எதற்கு? ஏழு அடித்தாகிவிட்டது. அழக்கூட வரவில்லை எனக்கு. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

போரியின் அறைக் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைக் கோடு, ஒரு காதில் இன்னும் அடைப்பான். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் தூக்கம் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டே நேராகக் காலண்டருக்குப் போனாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஏப்ரல் ஒன்றின் மேல் கோடு இழுத்தாள்.

"ஒண்ணு ஒழிஞ்சுது. இன்னும் பதினொண்ணு" என்றாள். "அம்மா, நீ தங்கம். எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி. யாரும் வரலையே?"

பார்னா தரையைப் பார்த்தான்.

"வந்தாங்க" என்றேன்.

"யாரு?"

"சோதனைக்காரங்க, போரி. ஆறு இருபதுக்கு. நான் இவன்தான்னு நினைச்சுட்டேன். திறக்கல. வாளித் தண்ணியை அவங்க தலையில ஊத்திட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பார்னாவின் சூட்டைப் பார்த்தாள். கையிலிருந்த லாவெண்டர் புட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாம்பியன் ஆவதற்கு முன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"ஏப்ரல் ஃபூல்! ஐயோ, அம்மாவுக்கு இதெல்லாம் யாருடா சொல்லிக் குடுத்தது? நீதானே? மூஞ்சியை எப்படி வெச்சுக்கறாங்க பாரு! வாளித் தண்ணியாம்!"

"போரி" என்றான் பார்னா.

"போதும் போதும், நடிக்காதே. வந்த வேலையைப் பாரு." அவன் முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றாள். "தெளி. தெளிச்சுட்டு முட்டையை வாங்கிட்டுப் போ. சனிக்கிழமை ஜெயிச்சதும் உனக்கு ஒரு வாளி இருக்கு."

பார்னா புட்டியின் மூடியைத் திருகினான். அது அவன் விரலில் வழுக்கிக்கொண்டே இருந்தது. போரி குனிந்தபடியே காத்திருந்தாள். அவளுடைய பின்கழுத்து என் கண்ணுக்கு நேரே இருந்தது. குழந்தையில் அதில்தான் நான் முத்தம் கொடுப்பேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

நான் அழுகிற சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது. என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். அங்கே இன்டர்காம் ஒயர் தரையில் கிடந்தது.

போரி குனிந்து அதன் முனையை எடுத்தாள். காதிலிருந்த இன்னொரு அடைப்பானையும் கழற்றினாள்.

"அம்மா, இதை நீ எப்போ பிடுங்கினே?"

"ஆறு இருபத்தஞ்சுக்கு" என்றேன்.